கந்தகப் புகையும் சல்பூரசமிலமும்: பயனும் பாதுகாப்பும்

ஒரு தீக்குச்சியை உரசியவுடன் மூக்கைக் குத்தும் ஒரு நெடி எழுகிறது. கண் கரிக்கிறது, கிட்ட முகர்ந்தவருக்கு இருமல் வருகிறது. மருந்துத் தலையிலுள்ள கந்தகம் எரிந்து காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்வதால் உண்டாகும் வாயுவே இந்த நெடிக்குக் காரணம். அதன் பெயர் கந்தகவீரொட்சைட்டு. இவ்வாயு நீரில் கரையும்போது கிடைப்பதே சல்பூரசமிலம்.

"இது பள்ளிக்கூடத்துப் பாடம், எமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். சொந்தக் காணியை விட்டு வந்து, உறவினரின் வளவிலோ இரவல் நிலத்திலோ கொட்டில் போட்டிருக்கும் குடும்பங்களுக்கு, பயிரைவிடப் பழமே சில காலங்களில் கைகொடுக்கிறது. மாம்பழமும் தேசிக்காயும் ஒரே நேரத்தில் குவிந்து விலை விழும்போது, அவற்றை வற்றலாகவோ பழப்பாகாகவோ ஆக்கி வைத்து விற்க முயல்கிறோம். அப்போது, "கந்தகம் புகை, நிறம் மாறாது", "இந்த வெள்ளைத் தூளைப் போடு, பழுதாகாது" என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். அந்த ஆலோசனையில் உண்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதற்கு இந்த அமிலத்தின் இயல்பைச் சிறிது விளங்கிக் கொள்ள வேண்டும்.

பெயர் மயக்கம் வேண்டாம்

சல்பூரசமிலம் வேறு, சல்பூரிக்கமிலம் வேறு. உழவு இயந்திரத்தின் பற்றரியில் ஊற்றுவது சல்பூரிக்கமிலம். அது தோலையும் துணியையும் எரித்துவிடும் வலிய அமிலம். அதன் ஒரு மூலக்கூறில் இரண்டு ஐதரசன், ஒரு கந்தகம், நான்கு ஒட்சிசன் அணுக்கள் உள்ளன. சல்பூரசமிலத்தில் ஒட்சிசன் மூன்றுதான். அந்த ஓர் அணுவின் குறைவே அதன் குணத்தை முற்றாக மாற்றி விடுகிறது. அது வலிமை குறைந்த அமிலம். குறைபட்ட ஒட்சிசனை எங்கிருந்தாவது பெற்றுக் கொள்ளத் துடிப்பது அதன் இயல்பு.

திறந்த பாத்திரத்தில் வைத்தால் அது காற்றிலிருந்தே ஒட்சிசனைப் பெற்று மெல்ல மெல்லச் சல்பூரிக்கமிலமாக மாறி விடும். எனவே பழைய கரைசலில் பயன் இல்லை. இன்று கரைத்ததை இன்றே பயன்படுத்த வேண்டும்.

வாயுவை 1774 ஆம் ஆண்டில் தனியே சேகரித்து ஆராய்ந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த யோசப் பிறீஸ்ற்லி. ஆனால் அது கரைந்து உண்டாகும் சல்பூரசமிலத்தை நீரிலிருந்து பிரித்துத் தனிப் பொருளாகப் போத்தலில் அடைக்க முடியவில்லை. கரைசலைச் சூடாக்கினால் அமிலம் மிஞ்சுவதில்லை. வாயு வெளியேற, வெறும் நீரே மிஞ்சும். நீரினுள்ளும் பெரும்பகுதி கரைந்த வாயுவாகவும் பைசல்பைற்று அயனாகவுமே இருக்கிறது. பாகு கொதிக்கும்போது மருந்தைப் போட்டால் அது ஆவியோடு போய்விடுவதன் காரணம் இதுவே.

கடைகளில் விற்கப்படும் வெள்ளைத் தூள் பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்று அல்லது சோடியம் மெற்றாபைசல்பைற்று ஆகும். இவற்றைப் புளிப்பான சாற்றில் கரைத்தால் அதே வாயுவும் அதே அமிலமும் உண்டாகும். 100 கிராம் பொற்றாசிய உப்பு ஏறத்தாழ 57 கிராம் வாயுவையும், 100 கிராம் சோடிய உப்பு ஏறத்தாழ 67 கிராம் வாயுவையும் தரக்கூடியன. ஆகவே இரண்டையும் ஒரே அளவில் போடுதல் தவறு.

அது செய்யும் மூன்று வேலைகள்

முதலாவது, கிருமிகளைத் தடுத்தல். பற்றீரியாக்களையும் பூஞ்சணங்களையும் வளரவிடாமல் செய்கிறது. மதுவங்களை ஓரளவுக்கு அடக்குகிறது. ஆனால் இவ்வேலை புளிப்பான பொருளில்தான் நன்றாக நடக்கும். தேசிச்சாறு, மாங்காய், விளாம்பழம், புளி முதலியவற்றில் பலன் கூட. புளிப்பற்ற பொருளில் மிகக் குறைவு.

இரண்டாவது, நிறம் காத்தல். வெட்டிய கத்தரிக்காயும் வாழைக்காயும் சற்று நேரத்தில் கறுப்பதைக் காண்கிறோம். காயிலுள்ள நொதியமொன்று காற்றின் ஒட்சிசனைக் கொண்டு செய்யும் வேலை அது. சல்பூரசமிலம் அந்த நொதியத்தை முடக்குகிறது. மாம்பழ வற்றல் பொன்னிறமாக இருப்பது இதனாலேயே. உயிர்ச்சத்து சீயும் ஓரளவு காக்கப்படுகிறது.

மூன்றாவது, வெளிற்றுதல். சிவந்த பூவொன்றை இவ்வாயுவில் வைத்தால் வெளிறிப் போகும். ஆனால் குளோரின் வெளிற்றுவதைப் போல இது நிரந்தரமானதன்று. காற்றுப்பட நாளடைவில் நிறம் திரும்பக்கூடும்.

பெரிய தொழில்களும் இதையே பயன்படுத்துகின்றன. கரும்புச் சாற்றைச் சுண்ணாம்பிட்டுத் தெளியவைத்த பின் இவ்வாயுவைச் செலுத்தி நிறம் போக்கி வெள்ளைச் சீனி செய்யும் ஆலைகள் உண்டு. எமது நாட்டின் வெளிறிய கிறேப் இறப்பர் மஞ்சளாகாமல் இருக்க இறப்பர்ப் பாலில் சிறிதளவு பைசல்பைற்று இடப்படுகிறது. திராட்சை இரசத் தொழிலிலும் இது பழைய காலந்தொட்டு வழங்குகிறது. பிடித்த இறாலின் ஓட்டில் கரும்புள்ளி விழாதிருக்கவும் இக்கரைசலில் தோய்ப்பார்கள்.

தேசிக்காய்ப் பாகுக்கு எவ்வளவு?

ஒரு லீற்றர் பாகுக்கு அரைக் கிராம் பொற்றாசிய உப்புப் போட்டால் ஏறத்தாழ 290 மில்லிகிராம் வாயு அதில் இருக்கும். அரைக் கிராமைக் கண்ணால் மதிக்க முடியாது. ஒரு தட்டைத் தேக்கரண்டி ஏறத்தாழ 5 கிராம் பிடிக்கும். "கொஞ்சம் கூடினால் இன்னும் நல்லது" என்று கரண்டியால் அள்ளிப் போடுபவர் பத்து மடங்கு போட்டு விடுகிறார்.

இலகுவான வழி ஒன்று உண்டு. மருந்துக்கடையிலோ பொற்கொல்லரின் தராசிலோ 5 கிராம் பொற்றாசிய உப்பை நிறுத்து வாங்குங்கள். சோடிய உப்பாயின் 4 கிராம் போதும். அதைக் கொதித்தாறிய நீரில் கரைத்து மொத்தம் 100 மில்லிலீற்றர் ஆக்குங்கள். பிள்ளைகளின் பாணி மருந்தோடு வரும் அளவு மூடியால், பாகு முற்றாக ஆறிய பின், ஒரு லீற்றருக்கு 10 மில்லிலீற்றர் வீதம் ஊற்றிக் கலக்குங்கள். 10 லீற்றருக்கு இது போதும். மிஞ்சியதை வைத்திருக்க வேண்டாம். எவர்சில்வர், கண்ணாடி, மட்பாண்டம் ஆகியவற்றைப் பாவியுங்கள். இரும்பையும் தகரத்தையும் இது அரிக்கும்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். உலக சுகாதார தாபனமும் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய தாபனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, ஒருவர் தமது நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.7 மில்லிகிராமுக்கு மேல் இதை உட்கொள்ளலாகாது என வரையறுத்தது. 20 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு அது 14 மில்லிகிராம். மேற்சொன்ன பாகில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் சேர்த்து 200 மில்லிலீற்றர்க் குவளையில் கொடுத்தால், அதில் ஏறத்தாழ 12 மில்லிகிராம் இருக்கும். சரியான அளவில் செய்த பாகிலேயே ஒரு குவளைதான் அப்பிள்ளையின் ஒரு நாள் எல்லை! பத்து மடங்கு போட்ட பாகின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள். 2022 இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை இவ்விடயத்தை மீளாய்ந்து, கிடைத்துள்ள ஆய்வுகள் அந்த எல்லையை உறுதிப்படுத்தப் போதாதவை என்று கூறி, தான் வைத்திருந்த தற்காலிக எல்லையை விலக்கிக் கொண்டது. ஆகவே வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்வதில் இதைச் சேர்க்காமல் விடுவதே நன்று. சிறிதளவில் செய்து, சூட்டோடு சுத்தமான போத்தலில் அடைத்து, விரைவில் குடித்து முடித்தால் மருந்தே தேவையில்லை.

விற்பனைக்குச் செய்பவர்கள் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கும் அதன் கீழான ஒழுங்குவிதிகளுக்கும் உட்பட்டவர்கள். எந்தப் பொருளுக்கு எவ்வளவு அனுமதி, சுட்டுத்துண்டில் என்ன எழுத வேண்டும் என்பவற்றை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கடைப் பொருள் வாங்கும்போதும் சுட்டுத்துண்டைப் பாருங்கள். 220 முதல் 228 வரையான இலக்கங்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

மாம்பழ வற்றல்

துண்டுகளைக் கரைசலில் தோய்த்தல், கந்தகப் புகையிடல் என இரு முறைகள் உண்டு. தோய்ப்பதாயின் ஒரு லீற்றர் நீருக்கு 3 முதல் 5 கிராம் சோடிய உப்பிட்டு, சில நிமிடங்கள் அமிழ்த்தி, வடியவிட்டுக் காயவைப்பது பொதுவான வழக்கம். அளக்கக்கூடியதும் அடக்கக்கூடியதும் இம்முறையே.

மருந்தே வேண்டாம் என்போர் துண்டுகளைச் சில நிமிடம் ஆவியில் வைத்தெடுத்தால், நொதியம் வெப்பத்தால் அழிந்து கறுப்பது குறையும். நிறம் சற்று மங்கினாலும் சுவையும் சத்தும் உண்டு. வெள்ளையாக இருப்பதெல்லாம் நல்லது, மங்கியதெல்லாம் கூடாதது என்ற எண்ணத்தை வாங்குபவரும் விற்பவரும் மாற்றிக் கொள்வது நல்லது.

கொட்டிலுக்குள் கந்தகம் எரிக்காதீர்கள்

இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதீர்கள். பத்தடி நீளம், பத்தடி அகலம், எட்டடி உயரமுள்ள கொட்டிலொன்றை எடுத்துக் கொள்வோம். படங்கால் அடைத்த அக்கொட்டிலினுள் 10 கிராம் கந்தகம், அதாவது ஓரிரு தேக்கரண்டி, முழுவதும் எரிந்தால் 20 கிராம் வாயு உண்டாகும். அது கொட்டில் முழுவதும் பரவினால், காற்றின் பத்து இலட்சம் பங்கில் 300 பங்குக்கு மேல் இருக்கும். உயிருக்கு உடனடி ஆபத்தானது என்று அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அளவு 100 பங்கு. ஓரிரு கரண்டிக் கந்தகம் அதைப் போல மூன்று மடங்கைத் தருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இவ்வாயு காற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் பாரமானது. புகை ஆறியதும் அது தரையோடு தங்கும். தரையிலே பாயில் படுத்திருப்பவர்கள் யார்? கைக்குழந்தையும், சிறு பிள்ளைகளும், வயோதிபரும் அல்லவா? நின்று வேலை செய்பவருக்கு "நெடி குறைந்து விட்டது" என்று தோன்றும் நேரத்திலும் கீழே படுத்திருக்கும் பிள்ளை அதையே சுவாசித்துக் கொண்டிருக்கும். கொட்டில்கள் நெருக்கமாக உள்ள இடத்தில் ஒரு வீட்டுப் புகை அடுத்த வீட்டுக்கும் போகும்.

தொய்வு நோய் உள்ளவர்களுக்கு இவ்வாயு மிகச் சிறிய அளவிலேயே மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்து முட்டை எழுப்பும். சிலருக்கு இதைச் சேர்த்த உணவை உண்டாலும் அவ்வாறே நேரும். இத்தகைய நிகழ்வுகளின் காரணமாகவே 1986 இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், பச்சையாக உண்ணப்படும் மரக்கறிகளிலும் பழங்களிலும் சல்பைற்று இடுவதைத் தடைசெய்தது.

ஆகவே புகையிடத்தான் வேண்டுமென்றால்:

1. வெளியிலே, வீடுகளுக்கும் கிணற்றுக்கும் தூரமாக, இறுக்கமாக மூடக்கூடிய மரப்பெட்டியில் மட்டும் செய்யுங்கள்.

2. காற்று வரும் பக்கத்தில் நில்லுங்கள். பெட்டியைத் திறந்ததும் விலகி, புகை முற்றாகப் போகவிடுங்கள்.

3. பயிருக்குத் தெளிக்கும் கந்தகத் தூளைப் பாவிக்க வேண்டாம். அதில் வேறு பொருட்கள் கலந்திருக்கும்.

4. தொய்வுள்ள எவரும் இவ்வேலையில் சேரக்கூடாது.

5. யாருக்காவது மூச்சு முட்டினால் உடனே திறந்த வெளிக்குக் கொண்டு செல்லுங்கள். கண் கரித்தால் ஓடும் நீரால் 15 நிமிடம் கழுவுங்கள். தொய்வுக்கு வைத்திருக்கும் இழுக்கும் மருந்தைக் கொடுத்து, தாமதியாமல் வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

போடக்கூடாத இடங்கள்

இறைச்சியில் இடாதீர்கள். பழைய இறைச்சியையும் இது சிவப்பாகக் காட்டும். பழுதை மறைத்து விற்பது பிறர் உயிரோடு விளையாடுவதாகும். அரிசி, பயறு, உழுந்து முதலியவற்றிலும் வேண்டாம். உயிர்ச்சத்து பீ ஒன்றை இது அழித்துவிடும். நிவாரண உணவையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அச்சத்து முக்கியமாகத் தானியங்களிலும் பருப்பு வகைகளிலும் இருந்துதான் கிடைக்கிறது.

கிணற்றுக்கு அருகே கொண்டு போகாதீர்கள். கிருமிகளைக் கொல்லக் கிணற்றில் இடும் குளோரினைச் சல்பைற்று செயலற்றதாக்கி விடும். தோய்த்த பாத்திரத்தைக் கிணற்றடியில் கழுவி அந்நீர் கிணற்றில் சேர்ந்தால், குளோரின் இட்டும் பயன் குன்றும். பொதுக் கிணற்றை நம்பியிருக்கும் முகாம்களில் இது ஒருவரின் தவறு பலரின் வயிற்றோட்டமாக முடியக்கூடிய காரியம். இத்தூளையும் குளோரின் தூளையும் ஒன்றாகக் கலப்பதும் ஆபத்து.

தோட்டத்துக்கு உதவுமா?

ஐக்கிய அமெரிக்காவின் வறண்ட மேற்கு மாநிலங்களில் ஒரு முறை உண்டு. இயந்திரமொன்றில் கந்தகத்தை எரித்து, அப்புகையை நீர்ப்பாசன நீரோடு கலந்து சல்பூரசமிலமாக்கி நிலத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். நீரிலுள்ள இருகாபனேற்றை அது நீக்குகிறது. மண்ணிலுள்ள சுண்ணாம்பில் சிறிது கரைந்து கல்சியம் வெளிவர, அது மண்ணை இறுகச் செய்யும் சோடியத்தை இடம்பெயர்க்கிறது. பின்னர் நீர் மண்ணுக்குள் இலகுவாக இறங்குகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறிய நீர். கேத்தலில் வெள்ளையாகப் படிவது அதன் சுண்ணாம்பே. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்துக் கிடைக்காமல் இளம் இலைகள் மஞ்சளாவதும் உண்டு. அப்படியானால் எமக்கும் இது உதவுமா என்று கணக்குப் பார்க்கலாம். ஒரு பரப்பு நிலத்தின் மேல் ஆறு அங்குல மண்ணில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு இருந்தால் அது ஏறத்தாழ அரைத் தொன். அதைக் கரைத்து முடிக்க 170 கிலோ கந்தகம் வேண்டும். ஓர் ஏக்கருக்கு இரண்டரைத் தொன்னுக்கு மேல்! மண்ணின் தன்மையையே மாற்றிவிடலாம் என்ற எண்ணம் இரவல் காணியில் ஒரு போகம் செய்பவருக்குக் கட்டுப்படியாகாது. பீப்பாவில் கந்தகம் எரித்து இதைச் செய்து பார்ப்பதும் ஆபத்து. கூட்டெருவும் பசுந்தாட் பசளையும் உக்கும்போது மண்ணில் மென்மையான அமிலங்கள் உண்டாகின்றன. வேரைச் சுற்றிய மண்ணுக்கு அதுவே போதிய உதவி. காணியை விட்டுப் போக நேர்ந்தாலும் கூட்டெரு செய்யும் பழக்கம் கூடவே வரும்.

மழையிலும் இந்த அமிலம்

நிலக்கரியிலும் எரிபொருள் எண்ணெயிலும் கந்தகம் உண்டு. அவை எரியும்போது இதே வாயு காற்றிலே சேர்ந்து, மேகத்தின் நீரில் சல்பூரசமிலமாகி, பின்பு சல்பூரிக்கமிலமாகி மழையோடு இறங்கும். 1872 இலேயே றொபேட் அங்கஸ் சிமித் என்னும் இரசாயனவியலாளர் "அமில மழை" என்ற பெயரைத் தமது நூலில் எழுதினார். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் நகரை நிலக்கரிப் புகை மூடியபோது ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அதன் பின்னர் 1956 இல் தூய காற்றுச் சட்டம் அங்கே நிறைவேறியது. எமது நாட்டிலும் 2011 முதல் புத்தளம் நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையம் இயங்கி வருகிறது. புகைபோக்கிகள் உள்ள இடங்களில் வாழ்பவர்கள் காற்று எவ்வாறு அளக்கப்படுகிறது என்று கேட்பது அவர்களது உரிமை.

ஊர்ப் பெரிய புகைக்குச் சட்டம் வேண்டும். எமது கொட்டிலின் சிறிய புகைக்கு எமது கவனமே சட்டம். மாம்பழக் காலம் தொடங்குமுன் உங்கள் சங்கத்தில் கூடி மூன்று காரியங்களைத் தீர்மானியுங்கள்: தூளை நிறுக்க ஒரு நல்ல தராசு எங்கே கிடைக்கும், தோய்க்கும் இடம் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும், எந்த வீட்டில் தொய்வுள்ள பிள்ளை இருக்கிறது. இம்மூன்றும் தெரிந்திருந்தால் இந்த அமிலம் உங்கள் உழைப்பைக் காக்கும். தெரியாவிட்டால் தூளைக் கடையிலேயே விட்டுவிட்டு, வெயிலையும் ஆவியையும் உப்பையும் கொண்டு பழத்தைப் பதப்படுத்துங்கள்.